எந்த உயரம்? ஜீப்பை உயர்த்துவதன் வரலாறு குறித்துச் சில குறிப்புகள்

1940 ஜூலையில் அமெரிக்கத் தரைப்படை 135 உற்பத்தி நிறுவனங்களுக்கு ஓர் அழைப்பை விடுத்தது. உளவுப் பணிக்கு ஏற்ற சிறிய வண்டி. நான்கு சக்கரங்களும் இயங்க வேண்டும். எடை 1300 பவுண்டைத் தாண்டக் கூடாது. முன்பின் அச்சுகளுக்கு இடையே 75 அங்குலம். தரை இடைவெளி 6.25 அங்குலம். இவற்றோடு இன்னொரு நிபந்தனையும் இருந்தது: வண்டியின் உருவம் தாழ்ந்திருக்க வேண்டும். மேட்டுக்குப் பின்னாலும் புதருக்குப் பின்னாலும் பகைவர் கண்ணில் படாமல் ஒதுங்க வேண்டிய வண்டி அது. கார்ல் புரோப்ஸ்ட் வரைந்த வடிவத்தின்படி அமெரிக்கன் பாண்டம் நிறுவனம் முதல் மாதிரியை அவ்வாண்டு செப்டம்பர் 23 அன்று மேரிலாந்தின் ஹோலாபேர்ட் முகாமில் ஒப்படைத்தது. எடை நிபந்தனை பின்னர் தளர்ந்தது. அச்சிடைத் தூரம் 80 அங்குலமாயிற்று. தாழ்ந்த உருவம் மட்டும் கைவிடப்படவில்லை. போர் முடிவதற்குள் வில்லிஸ், ஃபோர்டு ஆகிய இரு நிறுவனங்களும் சேர்ந்து ஏறத்தாழ 6,40,000 ஜீப்புகளைச் செய்திருந்தன.

இன்று இந்தியாவின் எந்த நகரத்திலும் காணக்கூடிய ஒரு காட்சியை இதன் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். ஏணி வைத்து ஏறவேண்டிய அளவுக்கு உயர்த்தப்பட்ட ஒரு பழைய ஜீப் அல்லது ஜிப்ஸி. அதன் முன்னோர், ஒளிந்துகொள்வதற்காகத் தாழ்வாகச் செய்யப்பட்டவர். எண்பது ஆண்டுகளில் இந்தத் தலைகீழ் மாற்றம் எப்படி நேர்ந்தது என்பதே இப்பதிவின் கேள்வி. பதிவு நீளமானது, பொறுத்தருள்க. தங்கள் வண்டியை ஆறு, எட்டு, பத்து அங்குலம் உயர்த்தத் திட்டமிடும் மாணவ நண்பர்களும் இதைப் படிக்கக்கூடும் என்ற எண்ணத்துடனேயே எழுதுகிறேன்.

மொழியியல் படித்த எனக்கு இந்த வரலாற்றில் முதலில் உறுத்துவது ஒரு வினைச்சொல். ‘வண்டியை உயர்த்துதல்’ என்கிறோம். பட்டறைகளில் ‘லிஃப்ட்’ என்பார்கள். சொல் ஒன்று, ஆனால் அதன் செயப்படுபொருள் மூன்று. முதலாவது, சக்கரங்களை இணைக்கும் அச்சின் நடுவே குண்டாகத் தொங்கும் டிஃபரன்ஷியல் உறைக்கும் தரைக்கும் உள்ள உயரம். கல்லில் முதலில் மோதுவது பெரும்பாலும் இதுதான். இரண்டாவது, சட்டகத்தின் வயிற்றுப்பகுதி தரையிலிருந்து நிற்கும் உயரம். மேட்டின் முகட்டில் வண்டி வயிறு தட்டி நின்றுவிடுமா, தாண்டிவிடுமா என்பதை இது தீர்மானிக்கிறது. மூன்றாவது, கண்ணுக்குத் தெரியாத உயரம்: வண்டியின் ஈர்ப்பு மையம் தரையிலிருந்து எவ்வளவு மேலே இருக்கிறது என்பது. முதல் இரண்டும் கூடினால் ஓட்டுநருக்கு ஆதாயம். மூன்றாவது கூடினால் வண்டி கவிழ்வது எளிதாகிறது. இந்த மூன்றையும் ஒரே வினைச்சொல்லுக்குள் அடைத்துவிட்டதால், எதை வாங்கினோம், எதை விலையாகக் கொடுத்தோம் என்பது மறைந்துபோகிறது.

உயரத்துக்கான தேவை ஜீப்புக்கு முந்தியது. 1908-இல் வந்த ஃபோர்டின் ‘மாடல் டி’ கார் தரையிலிருந்து ஏறத்தாழ 10 அங்குலம் எழும்பி நின்றது. அமெரிக்க நாட்டுப்புறத்தில் அன்று சாலை என்பது பெரும்பாலும் மண்தடம். வண்டிச் சக்கரம் அறுத்த பள்ளங்களுக்கு நடுவே மேடு இருக்கும். நம் மாட்டு வண்டிகளின் பெரிய சக்கரமும் இதே கணக்கில் பிறந்ததுதான். அச்சை உயர்த்த வேண்டுமானால் சக்கரத்தைப் பெரிதாக்கு என்பது வண்டிக்கலையின் மிகப் பழைய விதி. சாலைகள் தார் பூசப்பட்டதும் கார்கள் தாழ்ந்தன. தாழ்வு வேகத்துக்கும் நிலைப்புக்கும் நல்லது என்பது அனைவரும் அறிந்த பாடமாயிற்று. அந்தச் சூழலில் பிறந்ததால்தான் ஜீப், சாலையற்ற இடத்துக்குச் செல்லும் வண்டியாக இருந்தும், தாழ்வாகவே இருக்க முடிந்தது. அது தடைகளைத் தாண்டியது உயரத்தால் அல்ல; குறைந்த எடையாலும், குறுகிய நீளத்தாலும், நான்கு சக்கரங்களுக்கும் சென்ற விசையாலும்தான்.

இந்தியாவுக்கு வருவோம். 1945-இல் மஹிந்திரா அண்ட் முகமது என்ற பெயரில் தொடங்கிய நிறுவனம், பிரிவினைக்குப் பின் குலாம் முகமது பாகிஸ்தானின் நிதியமைச்சரானதும், 1948-இல் மஹிந்திரா அண்ட் மஹிந்திரா ஆயிற்று. வில்லிஸ் ஜீப்பின் பாகங்களை இறக்கிப் பம்பாயில் பூட்டத் தொடங்கிய அந்நிறுவனம், பின்னர் உரிமம் பெற்று இங்கேயே உற்பத்தி செய்தது. நம் நாட்டில் மிகப் பரவலாகக் காணப்பட்ட ஜீப், 1953-இல் வில்லிஸ் அறிமுகப்படுத்திய ‘சி.ஜே.-3பி’யின் வழிவந்தது. அதன் முகம் மற்ற ஜீப்புகளைவிட உயரமாக இருக்கும். காரணம் அழகல்ல. உட்செல்லும் வால்வுகள் எஞ்சினின் தலைக்கு மேலே வைக்கப்பட்டதால் எஞ்சின் உயர்ந்தது; எஞ்சினுக்காக பானெட்டும் உயர்ந்தது. அவ்வளவுதான். இந்திய ஜீப்பின் முதல் ‘உயர்வு’ பாதைக்காக அல்ல, ஒரு வால்வுக்காக நிகழ்ந்தது. ஆனாலும் அந்த உயர்ந்த நெற்றி பல தலைமுறை இந்தியரின் மனத்தில் ஜீப்பின் இலக்கணமாகவே பதிந்துவிட்டது.

ராணுவம் தனக்கென வேறு வண்டிகளையும் தேடியது. ஜபல்பூர் வண்டித் தொழிற்சாலை 1969 முதல் மூன்று தசாப்தங்கள் உற்பத்தி செய்த ‘ஜோங்கா’, நிஸான் பாட்ரோலின் இந்திய வடிவம். ஜபல்பூர் என்ற ஊரின் பெயரும் ஆயுதத் தொழிற்சாலையைக் குறிக்கும் சொற்களும் தங்கள் முதலெழுத்துகளைக் கொடுத்துப் பிறந்த பெயர் அது. ஒலியைக் கேட்டு அதை ஆப்பிரிக்கச் சொல் என்று நினைப்பவர்கள் உண்டு. 1985-இல் மாருதி ஜிப்ஸி வந்தது. ஜப்பானிய சுசுகி எஸ்.ஜே. வரிசையைச் சேர்ந்த இலகுவான வண்டி. 1990களில் ராணுவத்திலும் காவல்துறையிலும் ஜீப்பின் இடத்தைப் பெருமளவு பிடித்தது. ராணுவம் ஏலத்தில் கழித்துவிட்ட ஜீப்புகளும் ஜோங்காக்களும் ஜிப்ஸிகளும் குடிமக்கள் கைக்கு வந்தன. ஹரியானாவின் மண்டி டப்வாலி போன்ற ஊர்கள் பழைய ஜீப்புகளைப் பிரித்துப் புதிதாகக் கட்டித்தரும் பட்டறைகளுக்குப் பெயர்பெற்றன. இந்தியாவில் வண்டியை உயர்த்தும் கலை வளர்ந்தது கல்லூரி ஆய்வகங்களில் அல்ல, இத்தகைய பட்டறைகளில்தான்.

அந்தப் பட்டறைகளின் வட இந்தியச் சொல் ஒன்று எனக்கு மிகவும் பிடிக்கும்: ‘கமானி’. பட்டைகளை அடுக்கிச் செய்த வில்லை இப்படி அழைப்பார்கள். வில்லைக் குறிக்கும் ‘கமான்’ என்ற பாரசீகச் சொல்லிலிருந்து வந்தது. தமிழிலும் அம்பெய்யும் வில்லும் சுருள்வில்லும் ஒரே சொல்லைப் பகிர்கின்றன. ஆங்கிலச் சொல் துள்ளலிலிருந்து வருகிறது. நம் சொற்கள் வளைவிலிருந்து வருகின்றன. துள்ளல் விளைவு, வளைவு காரணம். இந்த விஷயத்தில் நம் சொற்களே இயற்பியலுக்கு நெருக்கமானவை என்று தோன்றுகிறது.

இனி உயர்த்தும் முறை. போர்க்கால ஜீப்பிலும், சி.ஜே.-3பியிலும், ஜிப்ஸியிலும் பட்டைவில் அச்சுக்குக் கீழே கட்டப்பட்டிருக்கும். அதாவது அச்சு வில்லின் முதுகில் அமர்ந்திருக்கும். உருவம் தாழ்ந்திருக்க வேண்டும் என்ற 1940-இன் நிபந்தனைக்கு இந்த அமைப்பு நன்கு பொருந்தியது. பட்டறைக்காரர் செய்வது இந்த வரிசையைத் திருப்புவது: வில்லை அச்சுக்கு மேலே ஏற்றிவிடுவது. புதிய வில் வாங்க வேண்டியதில்லை. அச்சின் மேல்புறத்தில் புதிய இருக்கைகளைப் பற்றவைத்து யூ-போல்ட்டால் இறுக்கினால், அச்சுக்குழலின் தடிமனும் வில்லடுக்கின் தடிமனும் சேர்ந்து சட்டகம் ஏறத்தாழ 5 அங்குலம் எழும்பிவிடும். குறைந்த செலவில் மிகுந்த உயரம். உலகம் முழுவதும் எளியவர்களின் முறையாக இது பரவியதற்குக் காரணம் இதுவே.

ஆனால் கவனிக்க வேண்டியது, இதில் டிஃபரன்ஷியல் ஓர் இழைகூட உயர்வதில்லை. அச்சு சக்கரத்தின் நடுவில் இருக்கிறது. சக்கரம் மாறாதவரை அச்சும் மாறாது. உயர்ந்தவை சட்டகமும் ஈர்ப்பு மையமும்தான். இந்த உயர்வு பயனற்றது என்று சொல்லவில்லை. வயிறு தட்டாது, முன்புறம் மேட்டில் முட்டாது, பெரிய டயருக்கு இடம் கிடைக்கும். உண்மையில் அந்த இடம்தான் இதன் பெரும் பயன். முன்சக்கரங்கள் தனித்தனியாகத் தொங்கும் புதிய வண்டிகளில், 2010-இல் வந்த தார் போன்றவற்றில், முன் டிஃபரன்ஷியல் சட்டகத்தோடு கட்டப்பட்டிருப்பதால் அதுவும் சேர்ந்து உயரும். ஆனால் அங்கே சக்கரத்துக்குச் செல்லும் குறுந்தண்டுகளின் மூட்டுகள் சில அங்குலங்களிலேயே தம் எல்லையைத் தொட்டுவிடும்.

ஐந்தங்குல உயர்வு தன் பின்னால் ஒரு வரிசையையே இழுத்துவருகிறது. சட்டகத்தில் உள்ள கியர்ப்பெட்டியிலிருந்து அச்சுக்கு விசையைக் கொண்டுசெல்லும் புரொப்பெல்லர் ஷாஃப்டை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் நீளம் 500 மி.மீ., இரு முனைகளுக்கும் இடையே உயர வேறுபாடு 100 மி.மீ. என்று கணக்கிற்காக வைத்துக்கொள்வோம். சாய்வு ஏறத்தாழ 11.5 பாகை. சட்டகத்தை 150 மி.மீ. உயர்த்தினால் வேறுபாடு 250 மி.மீ.; சாய்வு 30 பாகை. (ஷாஃப்டும் சற்று நீள வேண்டியிருக்கும், அதை இங்கே விட்டுவிடுகிறேன்.) ஷாஃப்டின் முனைகளில் இருக்கும் குறுக்கு மூட்டு பதினாறாம் நூற்றாண்டு இத்தாலியரான கார்டானோவின் பெயராலும், பதினேழாம் நூற்றாண்டு ஆங்கிலேயரான ஹூக்கின் பெயராலும் வழங்குகிறது. அந்த மூட்டுக்கு ஒரு பழைய குறை உண்டு. சாய்ந்த நிலையில், ஒரே வேகத்தில் சுழலும் தண்டின் விசையை அது ஒரே வேகத்தில் கடத்துவதில்லை. ஒவ்வொரு சுற்றிலும் இருமுறை விரைந்து இருமுறை தாமதிக்கிறது. 10 பாகையில் இந்த ஏற்ற இறக்கம் இருபுறமும் 1.5 சதவீதம் அளவே. 30 பாகையில் ஒருபுறம் 13, மறுபுறம் 15 சதவீதம். இரு முனை மூட்டுகளும் ஒரே கோணத்தில் இருந்தால் ஒன்றின் பிழையை மற்றது அழித்துவிடும். எனவே அச்சின் இருக்கைகளை எந்தக் கோணத்தில் பற்றவைக்கிறோம் என்பது உயிர்நாடியான கேள்வி. கண்ணளவில் பற்றவைத்த வண்டி, வேகம் பிடித்ததும் நடுங்கத் தொடங்குவது இதனால்தான்.

அடுத்து, வில்லுக்குக் கீழே வந்துவிட்ட அச்சு முறுக்கத்துக்கு ஆளாகிறது. விசை பாயும்போது அச்சு தன்னைத்தானே சுழற்றப் பார்க்கும். வில்லின் நடு உயரமும் அச்சின் மையமும் விலகியிருப்பதால் வில் எஸ் வடிவில் நெளியும். இதைத் தடுக்கத் தனியாக ஒரு கம்பி வேண்டும். ஸ்டீயரிங் பெட்டி சட்டகத்தில் இருக்கிறது, சக்கரம் அச்சில் இருக்கிறது. இரண்டையும் இணைக்கும் தண்டு செங்குத்தாகச் சாயச் சாய, ஒவ்வொரு பள்ளமும் ஓட்டுநர் கேட்காத திருப்பத்தைச் சக்கரத்துக்குக் கொடுக்கும். பிரேக் எண்ணெய்க் குழாய்கள் நீளம் போதாமல் இழுபடும். அச்சு முழுவதும் கீழே தொங்கும் தருணத்தில்தான் அவை அறும். பட்டறையில் சமதரையில் நிற்கும்போது எல்லாம் சரியாகவே தெரியும். இவற்றில் எதுவும் ‘5 அங்குலம்’ என்ற எண்ணில் எழுதப்பட்டிருக்கவில்லை.

டிஃபரன்ஷியலையே உயர்த்த வேண்டுமானால் வழி இரண்டு. ஒன்று பெரிய சக்கரம்; மற்றொன்று, அச்சைச் சக்கரத்தின் நடுவுக்கு மேலே தூக்குவது. இரண்டாவது வழியின் வரலாறு ஜெர்மனியில் இருக்கிறது. போர்க்கால ‘கூபெல்வாகன்’ நான்கு சக்கர இயக்க வண்டியே அல்ல. பின்சக்கரங்கள் மட்டுமே இயங்கின. ஆனால் அதன் பின்சக்கரக் குடங்களுக்குள் பற்சக்கரங்களை வைத்து அச்சை மேலே ஏற்றியிருந்ததால், தரை இடைவெளியில் பல நான்கு சக்கர இயக்க வண்டிகளுக்கு ஈடுகொடுத்தது. போருக்குப் பின் ஆல்பெர்ட் ஃபிரீட்ரிஷ் என்ற பொறியாளர் உழவர்களுக்காக வடிவமைத்த ‘உனிமோக்’ இதே உத்தியை நான்கு சக்கரங்களுக்கும் கொண்டுசென்றது. அதன் சக்கரப்பாதை அகலம் 1.27 மீட்டர்: உருளைக்கிழங்குப் பாத்திகளின் இரண்டு வரிசைக்குச் சரியான அளவு. பயிரின் தலை மீது இடிக்காமல் வயலில் நடக்க வேண்டும் என்பதே அங்கே உயரத்தின் நோக்கம். 1951-இல் டைம்லர்-பென்ஸ் அதை ஏற்றுக்கொண்டது. பின்னர் ராணுவங்களும் வாங்கின. இவ்வகை அச்சுக்கு வாயில் என்னும் பொருள்படும் லத்தீன் வேரிலிருந்து ‘போர்ட்டல்’ என்று பெயர். இரு சக்கரங்களுக்கு நடுவே அச்சு ஒரு வாயிலின் மேல்விட்டம்போல நிற்பதைப் பார்த்தால் பெயரின் பொருத்தம் விளங்கும். உழவரின் தேவை ராணுவத்தின் வண்டியாயிற்று. ராணுவத்தின் ஜீப் உழவரின் வண்டியாயிற்று. இரண்டு பயணமும் ஒரே பத்தாண்டில் எதிரெதிர்த் திசையில் நடந்தன.

பெரிய சக்கரத்தின் கணக்கு எளிது. 28 அங்குல டயரைக் கழற்றி 35 அங்குல டயர் பூட்டினால் அச்சு உயர்வது 7 அங்குலம் அல்ல, 3.5. விட்டத்தின் பாதியே ஆதாயம். அதற்கான விலை இதைவிடப் பெரிது. சக்கரம் 1.25 மடங்கு பெரிதானதால் ஒவ்வொரு கியரும் அந்த அளவுக்கு வலுவிழக்கும். டிஃபரன்ஷியலின் பற்கணக்கையும் 1.25 மடங்கு மாற்றினால்தான் பழைய இழுவை திரும்பும். அதுவரை வேகமானி 80 காட்டும்போது வண்டி 100-இல் போய்க்கொண்டிருக்கும். பிரேக்கை அதே அழுத்தத்தில் மிதித்தால் தரையில் கிடைக்கும் தடை ஐந்தில் நான்கு பங்குதான். வேகம் குறைவாகத் தெரிகிறது, நிறுத்தும் ஆற்றலும் குறைந்திருக்கிறது: இவ்விரண்டும் ஒன்றுசேர்வதைவிட அஞ்சத்தக்க கூட்டு எனக்குத் தெரியவில்லை.

ஐஸ்லாந்துக்காரர்கள் பெரிய டயரை வேறொரு காரணத்துக்காகத் தேர்ந்தார்கள். 1980களில் அவர்கள் பனியாறுகளின் மீது வண்டி ஓட்டத் தொடங்கியபோது, தேவைப்பட்டது உயரம் அல்ல, மிதப்பு. 38 அங்குலமும் அதற்கு மேலும் விட்டமுள்ள அகன்ற டயர்களில் காற்றை மூன்று பி.எஸ்.ஐ. அளவுக்கு இறக்கிவிட்டால், டயர் தட்டையாகப் பரந்து பனியை அமிழ்த்தாமல் நடக்கும். அந்த டயருக்கு இடம் வேண்டி வண்டியை வானளாவ உயர்த்தாமல், சக்கரத்தைச் சூழ்ந்த தகட்டை அறுத்து அகலப்படுத்துவதை அவர்கள் பெரிதும் நாடினர். 1990-இல் தொடங்கிய ஆர்க்டிக் டிரக்ஸ் நிறுவனம் இவ்வழியில் மாற்றிய ஹைலக்ஸ், 2007-இல் ஒரு பிரிட்டிஷ் தொலைக்காட்சி நிகழ்ச்சிக்காக வட காந்த முனையின் முந்தைய இருப்பிடம்வரை சென்றது. தேவை என்ன என்பதை முதலில் கேட்டதால்தான் அவர்கள் வண்டிகள் அகலமாகின. உயரம் அதற்கு வேண்டிய அளவுக்கு மட்டுமே கூடியது.

அமெரிக்காவில் கதை வேறு திசையில் சென்றது. மிசூரி மாநிலத்தில் நான்கு சக்கர இயக்க வண்டிகளுக்கான கடை நடத்திய பாப் சாண்ட்லர், தன் 1974 ஃபோர்டு வண்டியை ஓயாமல் உயர்த்தி, 1981-இல் அதைக்கொண்டு பழைய கார்களை நசுக்கிக் காட்டினார். ‘பிக்ஃபுட்’ என்ற அந்த வண்டியின் தம்பிகள் 66 அங்குல டயரிலும், பின் 10 அடி டயரிலும் நின்றன. அது அரங்கக் கலை. அதற்கு அதற்கான இடம் உண்டு. ஆயினும் உயரம் என்பது பயனிலிருந்து விடுபட்டுத் தானே ஒரு பொருளாக மாறியது அங்கேதான் என்பது என் கணிப்பு.

அதே ஆண்டுகளில் அமெரிக்கா மூன்றாவது உயரத்தைக் கண்டுகொண்டது. 1980 டிசம்பரில் ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சி, ஜீப் சி.ஜே.-5 திருப்பத்தில் கவிழும் சோதனைகளைக் காட்டியது. 1988-இல் நுகர்வோர் இதழ் ஒன்று சுசுகி சாமுராயை ஏற்கத்தகாதது என்று மதிப்பிட்டது. நம் ஜிப்ஸியின் நெருங்கிய உறவு அது. சோதனை முறை நேர்மையற்றது என்று சுசுகி 1996-இல் வழக்குத் தொடர்ந்தது. 2004-இல் இரு தரப்பும் சமரசம் செய்துகொண்டன. அமெரிக்க அரசின் பாதுகாப்பு நிர்வாகமோ அந்த வண்டியைத் திரும்பப் பெற வேண்டும் என்ற கோரிக்கையை ஏற்கவில்லை. யார் சரி என்பதில் இன்றும் கருத்து வேறுபாடு உண்டு. விவாதத்தால் நேர்ந்த நன்மை, கவிழும் தன்மையை அளக்க ஓர் எளிய வாய்பாடு பொதுமக்கள் பார்வைக்கு வந்தது: சக்கரப்பாதை அகலத்தை ஈர்ப்பு மைய உயரத்தின் இருமடங்கால் வகுப்பது. 2001 மாதிரி ஆண்டிலிருந்து இதன் அடிப்படையில் அமெரிக்க வண்டிகளுக்கு நட்சத்திரங்கள் வழங்கப்பட்டன. 1.45-ம் அதற்கு மேலும் ஐந்து நட்சத்திரம், 1.03-ம் அதற்குக் கீழும் ஒரே ஒரு நட்சத்திரம்.

இதை நம் வண்டிக்குப் போட்டுப் பார்க்கலாம். பாதை அகலம் 1300 மி.மீ., ஈர்ப்பு மையம் 620 மி.மீ. உயரத்தில் என்று கொண்டால் எண் 1.05, வண்டி கொள்கையளவில் 46 பாகைவரை பக்கவாட்டில் சாய்ந்து நிற்கும். சட்டகத்தை உயர்த்தியதால் ஈர்ப்பு மையம் 120 மி.மீ. ஏறினால் எண் 0.88 ஆகிறது, சாய்வெல்லை 41 பாகை. ஐந்து பாகைதானே என்று தோன்றும். ஆனால் இது அசையாமல் நிற்கும் வண்டியின் கணக்கு. திருப்பத்தில் வில் ஒருபுறம் அமுங்கும், மேலே ஆட்கள் இருப்பார்கள், கூரைமேல் சுமை இருக்கும். பழைய எண்ணை மீட்க வேண்டுமானால் பாதையை ஏறத்தாழ 1550 மி.மீ. ஆக அகலப்படுத்த வேண்டும்: கால் மீட்டர் கூடுதல். உயர்த்தும் திட்டங்களில் அகலத்துக்கு ஒரு பத்தி ஒதுக்கப்பட்டிருக்கிறதா என்று நான் முதலில் பார்ப்பது இதனால்தான்.

உயர்த்தாத வண்டி என்ன செய்யும் என்று கேட்பவர்கள் மேற்கு வங்கத்தின் மானேபஞ்சனுக்குப் போகலாம். அங்கிருந்து 3636 மீட்டர் உயரத்திலுள்ள சந்தக்ஃபூவுக்கு ஏறும் செங்குத்தான மலைப்பாதையில், 1950களில் செய்யப்பட்ட லேண்ட் ரோவர்கள் ஆட்களையும் அரிசியையும் சுமந்துசென்று வந்திருக்கின்றன. கற்கள் பரப்பிய அப்பாதையின் கொண்டையூசி வளைவுகளில் வண்டிக்கு உதவியது குறுகிய அச்சிடைத் தூரமும், தாழ்ந்த கியரும், ஒவ்வொரு கல்லையும் அறிந்த ஓட்டுநரும்தான்.

இனி சட்டம். இங்கே மீண்டும் என் துறைக்கு வருகிறேன். 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, முதலில் சொன்னதன் சாரம் இது: பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் உண்மைக்குப் பொருந்தாமல் போகும்படி வண்டியை மாற்றக் கூடாது, மாற்ற விரும்பினால் பதிவு அலுவலருக்குத் தெரிவித்து ஒப்புதல் பெற வேண்டும். 2000-ஆம் ஆண்டின் திருத்தம் அந்த வாக்கியத்தின் பயனிலையை மாற்றியது: சான்றிதழ் விவரங்கள் உற்பத்தியாளர் முதலில் குறித்த விவரங்களிலிருந்து வேறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது. இரண்டும் ஒன்றுபோலத் தோன்றலாம். முதல் வாக்கியத்தில் உண்மைக்கு அளவுகோல் வண்டி. ஆவணம் அதைப் பின்தொடர வேண்டும். இரண்டாவதில் அளவுகோல் தொழிற்சாலை. வண்டியும் ஆவணமும் அதைப் பின்தொடர வேண்டும். கேரள உயர்நீதிமன்றம் மாநில விதிகளைக்கொண்டு சில மாற்றங்களுக்கு இடமளித்திருந்தது. 2019 ஜனவரி 9 அன்று ஜெயச்சந்திரா வழக்கில் உச்சநீதிமன்றம் அதை விலக்கி, திருத்தத்தின் நோக்கம் வண்டியை மூல வடிவிலேயே வைத்திருப்பதுதான் என்று தீர்ப்பளித்தது. சோதிக்கப்பட்டுச் சான்று பெற்றது மாதிரி வண்டியின் வடிவம், மாற்றப்பட்ட வடிவம் அல்ல என்பது அதன் தர்க்கம். அவ்வாண்டின் திருத்தச் சட்டம், அனுமதியற்ற ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம்வரை சிறை அல்லது இரண்டும் என்று வகுத்தது.

தீர்ப்பின் தர்க்கத்தோடு எனக்குச் சண்டையில்லை. மேலே போட்ட கணக்குகளைப் பார்த்தபின் சண்டையிட முடியாது. ஆனால் பழைய வாக்கியத்தில் ஒப்புதல் என்ற ஒரு கதவு இருந்தது; அதன் வழியே ஒரு பொறியாளர் வண்டியைப் பார்க்க வாய்ப்பிருந்தது. கதவை மூடியதால் உயர்த்துவது நின்றுவிடவில்லை. அளந்து செய்பவரும் கண்ணளவில் செய்பவரும் சட்டத்தின் முன் ஒரே குற்றவாளிகளாயினர். அளப்பவருக்கு அதனால் எந்த ஊக்கமும் மிஞ்சவில்லை. என் குறை இதுமட்டுமே. இன்றைய நிலையில் மிகையாக உயர்த்திய வண்டிக்கு உரிய இடம் பொதுச்சாலை அல்ல, போட்டித் திடல். 2014 முதல் கோவாவின் மழைக்காலச் சேற்றில் நடக்கும் ‘ரெயின்ஃபாரஸ்ட் சேலஞ்ச்’ போன்றவை அதற்காகவே இருக்கின்றன.

அப்படியொரு வண்டியைத் திட்டமிடுபவர் எங்கே தொடங்கலாம்? அங்குல எண்ணிலிருந்து அல்ல. பாதையில் கல்லா, சேறா, மணலா என்பது டயரைத் தீர்மானிக்கும். டயரின் விட்டமும், அது முழுவதும் மேலேறி முழுவதும் திரும்பும்போது கேட்கும் இடமும், தகட்டை எவ்வளவு அறுக்க இசைகிறோம் என்பதும் சேர்ந்து தேவையான உயர்வைச் சொல்லும். பலமுறை அது நினைத்ததைவிடக் குறைவாகவே வரும். பின் வில்களைக் கழற்றிவிட்டு, அச்சை ஜாக்கியால் மேல் எல்லைவரை ஏற்றியும் கீழ் எல்லைவரை இறக்கியும், ஒரு பக்கம் மட்டும் ஏற்றியும் பார்க்க வேண்டும். ஒவ்வொரு நிலையிலும் ஷாஃப்டின் கோணம், பிரேக் குழாயின் நீளம், ஸ்டீயரிங் தண்டின் சாய்வு, டயர் எங்கே உரசுகிறது என்பன தாளில் ஏறவேண்டும். வண்டியை எடைமேடையில் ஏற்றி, நான்கு சக்கரங்களின் சுமையையும் தனித்தனியே குறிக்க வேண்டும். பின் அச்சை உயர்த்தி மீண்டும் முன்சக்கரங்களின் சுமையை எடுத்தால், அந்த வேறுபாட்டிலிருந்து ஈர்ப்பு மையத்தின் உயரத்தைக் கணக்கிடலாம். பள்ளி முக்கோணவியல் போதும். அந்த எண் தாளில் விழும்வரை பற்றவைக்கும் கருவியை எடுக்க வேண்டியதில்லை.